ஸ்பிறிங் இல்லாத ஒன்பது வண்டிகள்

மோட்டார் சைக்கிள்களைப் பரிசோதித்துக் கையெழுத்து வைக்கும் லைசன்ஸை இந்த வருடம் எடுத்திருக்கும் தம்பி தங்கச்சிமாருக்கு,

உங்கள் கையில் ஒரு பேனாவைத் தந்திருக்கிறார்கள். ஸ்பானரைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. அதை நீங்கள் என்னைவிட நன்றாகப் பிடிப்பீர்கள். நான் எழுத வந்தது பேனாவைப் பற்றி. இந்த வண்டி வீதியில் ஓடத் தகுதியானது என்று நீங்கள் கையெழுத்து வைத்தால்தான் அதற்கு இலக்கத் தகடு கிடைக்கும். அந்தக் கையெழுத்தை நான் ரொறன்ரோவில் இருபத்திரண்டு வருடம் வைத்தேன். நடுவில் ஆறு மாதம் வைக்கவில்லை. அந்த ஆறு மாதம் எப்படி வந்தது என்று சொல்கிறேன்.

என்னைத் தெரிந்தவர்கள் இதைக் கலியாண வீடுகளில் வேறு விதமாகச் சொல்லுவார்கள். நம்பவேண்டாம். அவர்கள் திகதி எழுதி வைக்காதவர்கள். நான் 1991 மார்ச்சில் ஸ்காபரோவில் ரயில் பாதைக்குப் பக்கத்திலிருந்த கடையில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கொப்பி வைத்திருக்கிறேன். திகதி, கிழமை, வானிலை, வண்டி, ஓடிய தூரம், கண்ட பிழை, கொண்டுவந்தவர் சொன்ன பொய். கடைசிப் பத்திக்குத்தான் எப்போதும் இடம் போதாது.

கடை முதலாளி ஒரு போர்த்துக்கேயர். பெயர் வேண்டாம். உயிரோடு இருந்தால் வழக்குப் போடுவார். அரசாங்கங்களைப் பற்றி அவருக்கு ஒரு கருத்து இருந்தது, அதை ஒரு கையாலேயே சொல்லி முடிப்பார்.

றிஜிட் என்று நாங்கள் சொல்லும் வண்டிகளை நீங்கள் அதிகம் பார்த்திருக்க மாட்டீர்கள். பின்சில்லுக்கு ஸ்பிறிங் இல்லாதவை. பிறேமின் குழாய்கள் நேராக இறங்கி வந்து, பின் அச்சைத் தாங்கும் இரண்டு தகடுகளில் வெல்டிங்கால் ஒட்டியிருக்கும். வீதியில் பள்ளம் வந்தால் சில்லு அதைப் பிறேமுக்குச் சொல்லும், பிறேம் சீற்றுக்குச் சொல்லும், சீற் உங்கள் முதுகெலும்புக்குச் சொல்லும். இடையில் நின்று செய்தியை மென்மையாக்க ஒருவரும் இல்லை. ஆனால் பார்க்க அழகு. பின்பக்கம் ஒரே கோடாக ஓடும். அழகுக்காக இடுப்பைக் கொடுக்கத் தயாராக இருந்த ஒரு கூட்டம் அன்று ரொறன்ரோவில் இருந்தது.

1996 வசந்தத்தில் மாகாண அலுவலகம் ஒன்றிலிருந்து எங்களைப் போன்ற கடைகளுக்கு ஒரு கடிதம் வந்தது. எந்த அலுவலகம் என்று எழுதினால் அதன் பெயரே அரைப் பக்கம் போகும். பின் ஸ்பிறிங் இல்லாத வண்டிகளுக்குத் தகுதிச் சான்றிதழ் கொடுப்பதை நிறுத்த யோசிக்கிறோம், ஏற்கெனவே பதிவானவை ஓடலாம், அபிப்பிராயம் உள்ளவர்கள் ஜூன் மாதம் கூட்டத்துக்கு வந்து சொல்லலாம் என்று இருந்தது.

அபிப்பிராயம் இல்லாதவர்கள் மோட்டார் சைக்கிள் ஓடுவதில்லை. அடுத்த சனிக்கிழமையிலிருந்து எங்கள் கடை பாராளுமன்றமாகிவிட்டது.

ஓட்டுநர்களுக்குப் பேச்சாளராக இருந்தவர் ஓய்வுபெற்ற பள்ளி அதிபர். நெஞ்சு வரை வெள்ளைத் தாடி. "என் முதுகெலும்புதான் என்னுடைய ஸ்பிறிங். அறுபத்தொரு வருடம் அதைப் பற்றி ஒரு அமைச்சும் விசாரிக்கவில்லை. இப்போது என்ன திடீர்ப் பாசம்?" என்று கேட்டார். பஸ் ஓட்டும் ஒரு பெண் இருந்தார். "கிழமையில் ஐந்து நாள் ஐம்பது பேரின் உயிரை என்னிடம் தருகிறார்கள். சனிக்கிழமை என் சொந்தப் பின்பக்கத்தை என்னிடம் தரப் பயப்படுகிறார்கள்." முதலாளியின் கட்சி வேறு: "வீதியில் பள்ளத்தை மூடாதவன், பள்ளம் இருப்பதைச் சொல்லுகிற வண்டியை மூடப் பார்க்கிறான்." மூலையில் நின்ற ஒருவர் மட்டும் என்னைத் தனியே கூப்பிட்டு, தனக்கு முதுகில் மூன்று எலும்புத்தட்டு விலகிவிட்டதென்றும், அரசாங்கம் தடை செய்தால் வீட்டில் மானத்தோடு வண்டியை விற்கலாம் என்றும் சொன்னார். இதை ஒருவருக்கும் சொல்லவேண்டாம் என்றார். இத்தனை வருடம் சொல்லவில்லை.

நான் எந்தப் பக்கம் என்று கேட்பீர்கள். அந்த வருடங்களில் சண்டை நடந்துகொண்டிருந்த ஊரிலிருந்து எனக்கு வந்த கடிதங்களில், என்னென்ன சாமானுக்குத் தடை என்றுதான் பாதிக் கடிதம் இருக்கும். பற்றரி, பெற்றோல், சீமெந்து. அதனால் தடை என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு உடனே கோபம் வரும். யோசனை அடுத்த நாள்தான் வரும். அதிபர் என் கொப்பியைப் பற்றிக் கேள்விப்பட்டு, இதுவரை எத்தனை றிஜிட் பரிசோதித்திருக்கிறாய் என்று கேட்டபோது, அன்றிரவே எண்ணி முடித்தேன். ஐந்து வருடத்தில் எட்டு. எட்டிலும் பிழை இல்லை.

"இதுதான் எங்களுக்கு வேண்டும். தாடி வைத்தவன் பேசினால் சத்தம் என்பார்கள். கொப்பி வைத்தவன் பேசினால் சாட்சி என்பார்கள். நீ கூட்டத்தில் பேசு" என்றார்.

எனக்குத் தலை கொஞ்சம் பெருத்துவிட்டது. நூலகத்தில் நான்கு சனிக்கிழமை இருந்து மூன்று பக்கப் பேச்சு எழுதினேன். சில்லு கண்டுபிடித்த காலத்திலிருந்து தொடங்கியது.

அந்த நேரத்தில்தான் ஒன்பதாவது வண்டி வந்தது. ஏப்ரல், செவ்வாய்க்கிழமை, தூறல். கொண்டுவந்தவர் குகன். பிறம்ரனில் ஒரு பண்டகசாலைக்கு ரக் என்னும் பெரிய லொறி ஓட்டுகிற யாழ்ப்பாணத்துப் பொடியன், முப்பத்திரண்டு வயது, இரண்டு பிள்ளைகள். வண்டி செக்கச் சிவப்பு. எங்கேயோ ஒரு கராஜில் யாரோ கட்டி, யாரோ வாங்கி, கைமாறிக் கைமாறி இவரிடம் வந்திருந்தது. சட்டம் வருமுன் பதிந்துவிடவேண்டும் என்ற அவசரம்.

"அண்ணை, உங்கட ஒரு கையெழுத்துத்தான் குறை."

"பாத்துத்தான் வைப்பன், தம்பி. ஸ்பிறிங் இல்லாமல் உதில இருந்து பிறம்ரன் வரைக்கும் போவீரோ?"

"ஊரில சைக்கிளில மூண்டு பேர் போனனாங்கள். அதில எங்கை இருந்தது ஸ்பிறிங்?"

"அது மணித்தியாலத்துக்கு நூறு கிலோமீற்றர் போகேல்லை."

"நாய் கலைச்சா போகும்" என்றார்.

அவர் போய் அரை மணித்தியாலத்தில் தொலைபேசி அடித்தது.

"அண்ணை, நான் குகன்ர மிஸிஸ், வசந்தி கதைக்கிறன். உங்களிட்ட ஒரு சிவப்புச் சாமான் வந்திருக்கோ?"

"ஓம் தங்கச்சி, நிக்குது."

"அதை ஃபெயிலாக்கி விடுங்கோ."

"பிழை இருந்தா ஆக்குவன்."

"வாங்கினதே பிழைதானே. வேறென்ன பிழை தேடுறியள்?"

"உப்பிடி எழுதிக் குடுக்க ஏலாது, தங்கச்சி."

"நான் பிள்ளையாருக்கு நேர்த்தி வைச்சிருக்கிறன், அது ஃபெயிலாக வேணுமெண்டு. அந்தாள் போன கிழமை அதே பிள்ளையாருக்கு, பாஸாக வேணுமெண்டு தேங்காய் அடிச்சிருக்கு. ஐயருக்கும் தெரியும். ஐயரே சிரிக்கிறார்."

பிள்ளையாருக்கு வந்த சங்கடம்தான் எனக்கும். ஆனால் எனக்கு அதில் ஒரு பெருமையும் இருந்தது. ஒருவர் பாஸாக்கச் சொல்கிறார், ஒருவர் ஃபெயிலாக்கச் சொல்கிறார், நான் இரண்டு பக்கமும் சாயாத மனுசன். படிவத்தை எடுத்து முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, ஒன்றையும் தவறவிடாமல் பார்த்தேன். பிரேக், ரயர், விளக்கு, கைபிடி, எல்லாம் சரி. பின் சஸ்பென்ஷன் என்ற வரி வந்தது. அடியைத் தாங்கும் ஷொக்கில் எண்ணெய் கசிகிறதா, இணைப்பு இறுக்கமா என்று படிவம் கேட்டது. இந்த வண்டியில் ஷொக்கே இல்லை. 'பொருந்தாது' என்று எழுதி, அடிமட்டம் வைத்து நேராக ஒரு கோடு போட்டேன். பிறேமை ஒருமுறை கையால் தடவினேன். மூட்டுகள் எல்லாம் மெழுகு வார்த்ததுபோல வழுவழுவென்று இருந்தன. 'வேலைப்பாடு நன்று' என்று கொப்பியில் எழுதினேன். கையெழுத்து வைத்தேன்.

நான் செய்த பிழை இப்போதே உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். தெரியாதவர்கள் தொடர்ந்து வாசியுங்கள், தெரிந்தவர்கள் அதிகம் சந்தோஷப்படாதீர்கள்.

கூட்டம் ஜூன் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, பிற்பகல் இரண்டு மணிக்கு நகர மத்தியில். ஓட்டுநர்கள் பன்னிரண்டு மணிக்கு ஸ்காபரோவில் ஒரு கடைத்தொகுதியின் வாகனத் தரிப்பிடத்தில் கூடி, அங்கிருந்து ஊர்வலமாகப் போவதாக ஏற்பாடு. அன்று காலை ஒன்பது மணிக்கு அதிபர் தன்னுடைய றிஜிட்டைக் கடைக்குக் கொண்டுவந்தார். பின் ரயர் தேய்ந்துவிட்டது, பத்திரிகைக்காரர் படம் எடுப்பார்கள், புதிது போடு என்றார்.

முதலாளிதான் சில்லைக் கழற்றினார். அச்சுத் தகட்டைத் துணியால் துடைத்தவர், பெயின்றில் ஒரு கொப்புளத்தைக் கண்டு, ஸ்குறூ டிரைவரால் குத்திப் பார்த்தார். பனங்கட்டித் துண்டு மாதிரி ஒன்று கழன்று நிலத்தில் விழுந்தது. பள்ளம் நிரப்பும் பட்டி. மூட்டு அழகாக வளைந்து தெரியவேண்டும் என்று, ஒட்டின் மேல் பட்டி பூசி, தேய்த்து, பெயின்ற் அடித்திருக்கிறார்கள். பட்டி விழுந்த இடத்தில் ஒட்டு தெரிந்தது. அதன் நடுவே விரல் நகம் நுழையும் அளவு வெடிப்பு.

மூன்று பேரும் குனிந்து பார்த்தோம்.

"இதை நீ பாஸ் பண்ணினாயா?" என்று முதலாளி கேட்டார்.

"ஓம்."

"எப்போது?"

"1994 ஜூலை. செவ்வாய்க்கிழமை. நல்ல வெயில்."

"வெயிலை விடு. இந்த இடத்தைப் பார்த்தாயா?"

நான் உள்ளே போய்க் கொப்பிகளை எடுத்து வந்தேன். ஒன்பது பக்கங்களையும் புரட்டினேன். ஒன்பதிலும் அதே வரி, அதே 'பொருந்தாது', அடிமட்டம் வைத்த அதே நேர்க்கோடு. ஸ்பிறிங் உள்ள வண்டியில் அந்த அடியைத் தாங்குவது ஸ்பிறிங். ஸ்பிறிங் இல்லாத வண்டியில் அந்த அடி முழுவதும் இந்த ஒட்டின் மேல்தான் விழும். படிவத்தில் ஒட்டுக்கு வரி இல்லை. வரி இல்லாத இடத்தை நான் ஐந்து வருடம் பார்க்கவில்லை. பிழை இல்லாத ஒன்பது வண்டி என்று கூட்டத்தில் சொல்லப் புறப்பட்ட நான், அந்த ஒன்பதில் ஒன்றின் பின்பக்கத்தையும் உண்மையில் கண்டதில்லை.

அடுத்து நினைவு வந்தது வழுவழுப்பான அந்தச் சிவப்பு வண்டி. ஊர்வலத்துக்கு வருவதற்காகக் குகன் அன்று லீவு எடுத்திருந்தார். பிறம்ரனிலிருந்து வர இருந்த ஒரே வழி 401 நெடுஞ்சாலை. ரக்குகளுக்கு நடுவில், நூறில்.

அவருடைய வீட்டுக்குப் போன் அடித்தேன். நேரம் பத்து நாற்பது.

"வசந்தி, குகன் நிக்கிறாரோ?"

"இப்பதான் வெளிக்கிட்டார். பத்து நிமிஷம். ஏன் அண்ணை?"

"ஒரு சின்னப் பரிசோதனை விட்டுப்போச்சு. வண்டியை ஒருக்காப் பாக்க வேணும்."

"சின்னன் எண்டா இந்த நேரத்தில போன் எடுத்திருக்க மாட்டியள். எவ்வளவு பெரிசு, சொல்லுங்கோ."

"வந்து சேர்ந்தா பிரச்சினை இல்லை" என்றேன்.

ஊரையும் சேர்த்து நாற்பது வருடத் தொழிலில் நான் சொன்ன ஆகக் கேடுகெட்ட வசனம் அது. ஒரு மனுசியிடம் அவளுடைய கணவனைப் பற்றி அப்படிச் சொல்லக்கூடாது. வசந்தி திட்டவில்லை. "வந்த உடனே எனக்கு அடியுங்கோ. வேலைக்குப் போகேல்லை, போனடியிலயே நிக்கிறன்" என்று மட்டும் சொன்னா.

கையில் தூக்கிக்கொண்டு திரியும் போன் எங்களிடம் அப்போது இல்லை. தரிப்பிடத்துக்குப் போய்க் காத்து நிற்பதுதான் ஒரே வழி. பதினொன்றரைக்கு வந்திருக்க வேண்டியவர் பன்னிரண்டுக்கும் வரவில்லை. முப்பதுக்கு மேற்பட்ட வண்டிகள் சேர்ந்துவிட்டன. ஒவ்வொரு முறையும் மூலையில் எஞ்சின் சத்தம் கேட்கும்போது நான் எட்டிப் பார்ப்பேன், கறுப்பாக இருக்கும், நீலமாக இருக்கும். மூன்று பக்கப் பேச்சு சட்டைப் பையில் வியர்வையில் ஊறிக்கொண்டிருந்தது.

பன்னிரண்டு இருபதுக்குச் சிவப்பு வந்தது. குகன் ஒரு கையால் ஓட்டிக்கொண்டு, மறு கையில் பக்கத்து டோனட் கடைக் கோப்பை இரண்டு வைத்திருந்தார்.

"அண்ணை, மன்னிக்க வேணும், லைன் நீளம். உங்களுக்கும் ஒரு கோப்பி வாங்கினனான்."

"இறங்கும்."

"என்ன அண்ணை, முகம் ஒரு மாதிரி?"

"முதல் இறங்கும், தம்பி. அந்தா அந்தக் காசு போடுற போனில வசந்திக்கு ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டு வாரும்."

அவர் திரும்பி வந்தபோது நான் நிலத்தில் படுத்திருந்தேன். பேனாக்கத்தியால் அச்சுத் தகட்டுக்கு மேலே சுரண்டப் போனேன். கையைப் பிடித்துவிட்டார்.

"அண்ணை, பெயின்ற். விசரே உங்களுக்கு?"

"உள்ளுக்கு என்ன இருக்கெண்டு பாக்கோணும்."

"ஏப்ரலில பாத்தனீங்கள்தானே. நீங்கள்தானே கையெழுத்து வைச்சது."

"பாக்கேல்லை. கையெழுத்துத்தான் வைச்சனான்."

கையை விட்டார். சுரண்டினேன். பட்டி வந்தது, மேலும் பட்டி வந்தது. கடைசியில் இரும்பு தெரிந்தபோது, குழாயின் சுற்றில் பாதிக்குத்தான் ஒட்டு இருந்தது. மீதிப் பாதி பட்டியும் பெயின்றும் பிள்ளையாரும். இருந்த பாதியிலும் தலைமயிர் அளவில் ஒரு கோடு ஓடத் தொடங்கியிருந்தது.

குகன் போய் நடைபாதை விளிம்பில் இருந்தார். ரக் ஓட்டுகிறவருக்கு விளக்கம் சொல்லத் தேவையில்லை. கோப்பியைக் குடிக்காமல் பிடித்துக்கொண்டு, "401-ல நூற்றிப் பத்தில வந்தனான்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "வசந்திக்கு என்னெண்டு சொல்லுறது?"

"நடந்ததை முழுக்கச் சொல்லும். நான் பாதி சொல்லிப் பிடிபட்டுப்போனன்."

இதற்குள் எங்களைச் சுற்றிக் கூட்டம். அங்கே நின்றவற்றில் இன்னும் நான்கு றிஜிட் நான் கையெழுத்து வைத்தவை. பஸ் ஓட்டும் பெண் தன் வண்டியைச் சரித்து, சாவியால் தானே சுரண்டத் தொடங்கினார். பிறகு மற்ற மூன்று பேரும். ஊர்வலம் போக வந்தவர்கள் தோல் ஜாக்கெட்டோடு தார் மேல் குப்புறப் படுத்துக் கிடந்தார்கள். கடைக்கு மரக்கறி வாங்க வந்த சனங்கள் இதுவும் ஒரு போராட்டமாக்கும் என்று சுற்றிப் போனார்கள். நான்கும் நல்ல ஒட்டு. அதில் பஸ்காரப் பெண்ணுடையது இருபது வருடப் பழசு, நேற்று ஒட்டியதுபோல இருந்தது.

அதிபர் என்னை ஓரமாகக் கூட்டிப் போனார். அவர் வந்தது முதலாளியின் வானில், தன் வண்டி இல்லாமல்.

"இன்றைக்கு உன் கொப்பியில் உள்ளதை மட்டும் வாசி. அதில் பொய் இல்லை. நாளைக்கு நானே எல்லாருடைய ஒட்டையும் பார்க்க வைக்கிறேன். ஆனால் இன்றைக்கு இதைச் சொன்னாயானால், அவர்கள் கையில் கயிற்றைக் கொடுத்துக் கழுத்தையும் நீட்டுகிறாய்."

முதலாளி அதைவிடச் சுருக்கம். "உன் லைசன்ஸ் மட்டும் இல்லை. கடையின் லைசன்ஸும்."

இருவரும் நல்ல மனுசர். இருவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. உங்களுக்கும் இப்படித்தான் வரும், பிள்ளைகள். கெட்டவன் வந்து பிழையானதைச் செய்யச் சொன்னால் தொழில் சுலபம். உங்களுக்குச் சோறு போட்டவர், உங்களை மதித்தவர், நியாயத்தோடு வந்து கேட்பார்.

வானில் குகன் எனக்குப் பக்கத்தில் இருந்தார். சிவப்பு வண்டியைத் தரிப்பிடத்திலேயே பூட்டிவிட்டு வந்திருந்தோம்.

"அண்ணை, அங்கை சொல்லப்போறியளோ?"

"தெரியேல்லை."

"சொன்னா றிஜிட் எண்ட சாமானே இல்லாமப் போயிடும்."

"சொல்லாட்டி?"

டொன் வலி பார்க்வே என்ற பெருவீதியில் இறங்கும்வரை அவர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தபடி, "மற்ற மூண்டும் எங்கை நிக்குது?" என்றார்.

ஒன்பதில் ஆறு பார்த்துவிட்டோம். மூன்று வண்டி, என் கையெழுத்தோடு, எங்கேயோ ஓடிக்கொண்டிருந்தது. மூன்று பக்கப் பேச்சு அதோடு முடிந்தது என்று நினைக்கிறேன்.

மண்டபத்தில் மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்த கண்ணாடி போட்ட அம்மா தலைவி. ஒருவருக்கு ஐந்து நிமிடம். நான் பேச்சை எடுக்காமல் கொப்பியை மட்டும் மேசையில் வைத்தேன். அன்று சொன்னதை அன்று மாலையே எழுதி வைத்திருப்பதால் அப்படியே தருகிறேன்.

"நான் ஒன்பது றிஜிட் வண்டிகளுக்குக் கையெழுத்து வைத்திருக்கிறேன். ஒன்பதிலும் பிழை இல்லை என்று எழுதியிருக்கிறேன். ஒன்பதிலும் அச்சுத் தகட்டின் ஒட்டைப் பார்க்கவில்லை. இன்று ஆறைப் பார்த்தோம். நான்கு நல்லவை, இரண்டு ஓடக்கூடாதவை. ஸ்பிறிங் இல்லாததுதான் பிழையென்றால் ஆறும் பிழையாக இருக்கவேண்டும். ஒட்டு நல்லதென்றால் இருபது வருடம் நிற்கிறது. ஒட்டைப் பாருங்கள் என்று படிவத்தில் ஒரு வரி சேருங்கள். பார்க்காமல் கையெழுத்து வைக்கிற என்னைப் போன்றவனைத் தடுங்கள். வண்டியை விடுங்கள்."

தலைவி கண்ணாடியைக் கழற்றினார். "நீங்கள் பரிசோதிக்காமல் சான்றிதழ் கொடுத்ததாகச் சொல்கிறீர்களா?"

"ஓர் இடத்தை மட்டும் பரிசோதிக்கவில்லை."

"எந்த இடம்?"

"உடைந்தால் ஆள் சாகிற இடம்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார். வேறு ஒருவரும் சிரிக்கவில்லை. முதலாளி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அரசாங்கத்துக்கு அவர் எப்போதும் ஒரு கைதான் செலவழிப்பார்.

அடுத்ததாகப் பேசவேண்டியவர் அதிபர். எழுந்து தாடியைத் தடவிக்கொண்டு நின்றார். என்னைக் கிழிக்கப்போகிறார் என்று நினைத்தேன். "அந்த இரண்டில் ஒன்று என்னுடையது. இவர் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை, நான் இரண்டு வருடம் அதன் மேலேயே இருந்தேன். இவர் சொன்ன வரியைச் சேருங்கள். என்னிடம் சொல்ல வேறொன்றும் இல்லை" என்று சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்தார். நான்கு நிமிடம் மிச்சம் பிடித்த பள்ளி அதிபரை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை.

அடுத்த நாளிலிருந்து மற்ற மூன்றையும் தேடினேன். ஒன்றைச் சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு மாடிக் கட்டடத்தின் நிலக்கீழ்த் தரிப்பிடத்தில் பிடித்தேன், ஒட்டு சரி. ஒன்று ரூஜ் பக்கம் இருவரிடம் கைமாறிப் போய், ஓகஸ்ட்டில்தான் அகப்பட்டது. தகட்டில் வெடிப்பு. சொந்தக்காரர் நன்றியும் சொல்லித் தூஷணமும் சொன்னார், இரண்டும் ஒரே மூச்சில். மூன்றாவதை ஒருவர் தன் மதுச்சாலைச் சுவரில் அழகுக்காகத் தொங்கவிட்டிருந்தார். ஒன்பதிலும் ஆபத்தில்லாத வண்டி அதுதான்.

எனக்குக் கடிதம் வர மூன்று கிழமை. கையெழுத்து உரிமை ஆறு மாதத்துக்கு இடைநிறுத்தம், கடைக்கு எச்சரிக்கை. முதலாளி ஒரு மாதம் என்னோடு ஸ்பானர் சத்தத்தில் மட்டும் கதைத்தார். தடை? எனக்குத் தெரிந்தவரை அது வரவில்லை. நான் பேசியதால்தான் வரவில்லை என்று ஓட்டுநர்களில் பாதிப் பேர் சொல்வார்கள். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்த யோசனை இன்னும் முதலே செத்திருக்கும் என்று மீதிப் பேர் சொல்வார்கள். என்னிடம் சான்று இல்லாததால் நான் இரண்டையும் கொப்பியில் எழுதவில்லை.

செப்டெம்பர் கடைசியில் ஒரு திங்கட்கிழமை, காற்று, குகன் ஒரு வானில் வந்தார். பின்னால் வெறும் பிறேம் மட்டும், எஞ்சின் இல்லை, சில்லு இல்லை. அச்சுத் தகடுகளைப் புதிதாக வெட்டி, தெரிந்த ஒட்டுக்காரரிடம் முழுச் சுற்றும் ஒட்டியிருந்தார். ஒரு துளி பெயின்ற் இல்லை. இரும்பு அப்படியே சாம்பல் நிறத்தில் கிடந்தது. முன் சீற்றில் வசந்தி கைகட்டிக்கொண்டு இருந்தா. சிரிக்கவில்லை, ஆனால் வந்திருந்தா.

"தம்பி, எனக்கு டிசெம்பர் வரைக்கும் கையெழுத்து இல்லை. முதலாளியிட்டக் கேளும், அவர் வைப்பார்."

"கையெழுத்து ஆரும் வைக்கட்டும் அண்ணை. நீங்கள் பாருங்கோ. பாத்து முடிஞ்சாப் பிறகுதான் பெயின்ற்."

பிறேமை இரண்டு பேருமாகத் தூக்கி மேசையில் வைத்தோம். நான் விளக்கை இழுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இடப்பக்கத் தகட்டிலிருந்து தொடங்கினேன். வசந்தி வானை விட்டு இறங்கி வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றா.

"எவ்வளவு நேரம் எடுக்கும், அண்ணை?"

"தெரியாது தங்கச்சி. அந்தக் கதிரையை இழுத்துப் போட்டு இருங்கோ" என்றேன்.